கிரீன்னா பச்சை மட்டும்தானா?

ஜி.எஸ்.டி. ரோடு, தாம்பரம்–வேளச்சேரி ரோடு, ஓ.எம்.ஆர். இந்த மூணுல எதுல பஸ் ஏறினாலும் கொஞ்ச தூரத்துக்குள்ளயே 'கிரீன்'னு ஒரு போர்டு கண்ணுல படும். ஃபிளாட் பேர்ல கிரீன், சூப்பர் மார்க்கெட் பையில கிரீன், வண்டி விளம்பரத்துல கிரீன். அந்தப் பக்கம் பார்த்தா பிளேஸ்மென்ட் இன்டர்வியூல 'கிரீன்ஃபீல்ட் புராஜெக்ட்', ஒர்க்‌ஷாப் ரெக்கார்டுல 'கிரீன் சாண்ட்', நியூஸ்ல 'கிரீன் ஹைட்ரஜன்'.

அகராதியைத் திறந்தா கிரீன் = பச்சை. எல்.கே.ஜி.யில படிச்ச அதே அர்த்தம். ஆனா கிரீன் சாண்டோட நிறம் பச்சை இல்லை, பெரும்பாலும் கறுப்பு. கிரீன் ஹைட்ரஜனுக்கு நிறமே கிடையாது. அப்போ இந்தச் சொல் என்னதான் சொல்லுது?

இந்தக் கட்டுரையில கிரீன் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கிட்டு, அது எந்தெந்த இடத்துல எந்தெந்தப் பொருள்ல வருதுன்னு பார்க்கலாம். கூடவே நம்ம பச்சையும் பசுமையும் எங்கே அதோட ஒத்துப்போகுது, எங்கே பிரியுதுன்னும் பார்க்கலாம். மனப்பாடம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும், அது கீழே வருது.

1. முதல்ல குடும்பம்

ஆங்கிலத்துல கிரீன், கிராஸ், குரோ மூணும் ஒரே வேர்லேர்ந்து வந்த சொற்கள். பச்சை, புல், வளர்தல். அதாவது அந்த மொழிக்காரங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே கிரீன் என்பது நிறமா மட்டும் இருந்ததில்லை. 'உயிரோட வளர்ந்துக்கிட்டிருக்கு' என்பதும் அதுக்குள்ளேயே இருந்தது.

தமிழ்லயும் கிட்டத்தட்ட அப்படித்தான். பசுமை, பச்சை, பாசி எல்லாம் ஒரே குடும்பம். பைங்கிளி, பைந்தமிழ்ல வர 'பை'யும் பசுமைதான். பத்தாவது வரைக்கும் தமிழ் படிச்சவங்களுக்குப் பண்புப்பெயர்ப் புணர்ச்சி ஞாபகம் இருக்கலாம்: பசுமை + தமிழ் = பைந்தமிழ், பசுமை + இலை = பாசிலை. பைந்தமிழ்னா பச்சை கலர் தமிழ் இல்லை. வாடாத, இளமையான தமிழ். 'பசுமையான நினைவுகள்'னு சொல்றப்பவும் நிறத்தைச் சொல்லலை, இன்னும் வாடலைன்னு சொல்றோம்.

ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. ஆங்கிலம் எல்லாத்துக்கும் கிரீன் என்ற ஒரே சொல்லை வச்சு ஓட்டுது. தமிழ் வேலையைப் பிரிச்சுக் கொடுத்திருக்கு. கண்ணுக்குத் தெரியுற நிறத்துக்கும், வேகாத நிலைக்கும் பச்சை: பச்சை மிளகாய், பச்சைச் சட்டை, பச்சை மண். சுற்றுச்சூழல், செழிப்பு, நினைவு மாதிரி விஷயங்களுக்குப் பசுமை: பசுமைத் தீர்ப்பாயம், பசுமைப் புரட்சி, பசுமை இல்ல வாயு. 'தேசியப் பச்சைத் தீர்ப்பாயம்'னு யாராவது எழுதினா உடனே சிரிப்போம். அந்தச் சிரிப்புதான் நம்ம இலக்கண அறிவு. எழுதிவச்ச விதி தெரியாமலே நமக்குள்ள அது இருக்கு.

அதனால கிரீனை மொழிபெயர்க்கும்போது முதல் முடிவு: பச்சையா, பசுமையா, இல்லை ரெண்டுமே இல்லையா?

2. கேட்க வேண்டிய ஒரே கேள்வி

கிரீன்னு ஒரு சொல் வந்தா, அதோட அர்த்தத்தைத் தேடுறதுக்கு முன்னாடி அதோட எதிரியைத் தேடுங்க. 'எதுக்கு எதிரான கிரீன்?'னு கேளுங்க. எதிர்ச்சொல் மாறினா அர்த்தமும் மாறிடும்.

சிக்னல்ல கிரீனோட எதிரி சிவப்பு. அப்போ அர்த்தம் 'போகலாம்'.
மாங்காய்ல எதிரி பழுத்தது. அர்த்தம் 'காய்'.
மர வேலையில எதிரி காய்ந்த மரம். அர்த்தம் 'ஈரம் போகாத மரம்'.
டீயில எதிரி பிளாக் டீ. அர்த்தம் 'கறுக்க விடாத இலை'.
வேலைக்குச் சேர்ந்த ஆள்கிட்ட எதிரி அனுபவசாலி. அர்த்தம் 'புதுசு, கத்துக்குட்டி'.
புராஜெக்ட்ல எதிரி பிரவுன்ஃபீல்ட். அர்த்தம் 'ஏற்கெனவே எதுவும் கட்டப்படாத இடத்துல தொடங்குறது'.

ஏழெட்டு அர்த்தத்தைத் தனித்தனியா படிக்கிறதைவிட இந்தக் கேள்வி லேசு. இதை வச்சு ஒவ்வொரு இடமா போவோம்.

3. சிக்னல் கிரீன்

தாம்பரத்துலேர்ந்து பீச் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931 மே மாதம். இன்னைக்கு இந்தப் பாதையில இருக்கிற கலர் லைட் சிக்னல்கள்ல நாலு நிலை உண்டு. சிவப்புன்னா நில். ஒரு மஞ்சள்னா அடுத்த சிக்னல்ல நிக்கத் தயாரா போ. ரெண்டு மஞ்சள்னா அடுத்த சிக்னலை வேகம் குறைச்சுத் தாண்டத் தயாரா போ. பச்சைன்னா முழு வேகத்துல போ.

இப்படிப் பச்சைக்கு 'போ'ன்னு அர்த்தம் வந்தது இயற்கையா நடந்தது இல்லை. பிரிட்டன்ல ரயில் வந்த புதுசுல வெள்ளைதான் 'போகலாம்', பச்சைக்கு 'ஜாக்கிரதை'ன்னு அர்த்தம். வெள்ளையில ரெண்டு சிக்கல் இருந்தது. தெருவிளக்கு, வீட்டு விளக்கு எல்லாமே தூரத்துலேர்ந்து வெள்ளையாத் தெரியும். சிக்னலோட சிவப்புக் கண்ணாடி உடைஞ்சு விழுந்தா உள்ளே இருக்கிற விளக்கும் வெள்ளையா எரியும், அதாவது 'நில்'லு 'போ'வா மாறிடும். அதனால 19ஆம் நூற்றாண்டு முடியுறதுக்குள்ள வெள்ளையை விட்டுட்டுப் பச்சையை 'போகலாம்' ஆக்கினாங்க. ஃபெயில்-சேஃப் டிசைனுக்கு இது நல்ல உதாரணம். ஒரு சொல்லோட அர்த்தமும் மனுஷங்க கூடி எடுக்கிற முடிவுன்றதுக்கும் இதே உதாரணம்தான்.

இந்தச் சிக்னல் அர்த்தம்தான் 'புராஜெக்ட்டுக்குக் கிரீன் சிக்னல் கிடைச்சிடுச்சு'ன்னு வருது. ஆங்கிலத்துல இதையே வினைச்சொல்லாவும் ஆக்கி 'கிரீன்லிட்'டுன்னு சொல்வாங்க. சாஃப்ட்வேர்ல 'பில்ட் கிரீன்'னா எல்லா டெஸ்ட்டும் பாஸ். எதிரி எல்லா இடத்துலயும் சிவப்புதான்.

ஒரு எச்சரிக்கை. 'புளூ-கிரீன் டிப்ளாய்மென்ட்'ல சிக்னலைத் தேடாதீங்க. ஒரே மாதிரி ரெண்டு சர்வர் சூழல். ஒண்ணுக்கு புளூ, இன்னொண்ணுக்கு கிரீன்னு பேர் வச்சிருக்காங்க, அவ்வளவுதான். எதிரி இருக்கு, ஆனா நல்லது கெட்டது இல்லை. ஜாவா உலகத்துல வர 'கிரீன் திரெட்'டும் அப்படித்தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல ஜாவாவை உருவாக்கின குழுவுக்கு கிரீன் டீம்னு பேர். திரெட்டுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு.

4. வேகாத கிரீன்: இங்கே தமிழ்க்காரங்களுக்கு அட்வான்டேஜ்

மெக்கானிக்கல், சிவில் படிக்கிறவங்க இந்தப் பகுதியை நல்லா பாருங்க.

ஃபவுண்டரியில கிரீன் சாண்ட் மோல்டுன்னா மணல், பெண்டோனைட் களிமண், தண்ணீர் கலந்து செஞ்ச அச்சு. நிலக்கரித் தூள் சேர்த்தா கறுப்பா இருக்கும். அப்புறம் ஏன் கிரீன்? எதிரியைப் பாருங்க. எதிரி டிரை சாண்ட் மோல்டு, அதாவது சூட்டுல காய வச்ச அச்சு. அப்போ கிரீன்னா ஈரத்தோட இருக்கிற, சுடாத அச்சு.

பவுடர் மெட்டலர்ஜியில உலோகத் தூளை அழுத்தி ஒரு வடிவம் எடுப்பாங்க. சின்டரிங் பண்றதுக்கு முன்னாடி அதுக்குப் பேர் 'கிரீன் காம்பாக்ட்'. உடையாம தாங்குற அளவுக்கு அதுக்கு இருக்கிற பலம் 'கிரீன் ஸ்ட்ரெங்த்'. செராமிக்ஸ்ல சூளையில வைக்காத பாண்டத்துக்குப் பேர் 'கிரீன்வேர்'.

இதையெல்லாம் ஆங்கிலம் வழியா படிச்சா விசித்திரமாத் தெரியும். தமிழ் வழியா வந்தா விளக்கமே தேவையில்லை. சூளையில சுடாத பானையை நம்ம ஊர்ல என்ன சொல்றோம்? பச்சை மண். புழுங்க வைக்காத நெல்லிலிருந்து வர அரிசி பச்சரிசி. காய்ச்சாத தண்ணி பச்சைத் தண்ணி. கிரீன்வேருக்குப் பச்சை மண் சட்டின்னு சொன்னா எந்தக் குயவரும் தலையாட்டுவார். கலைச்சொல் உருவாக்கணும்னு கஷ்டப்படவே வேண்டாம், பாட்டி பேச்சுலயே அது இருக்கு.

சிவில்ல ஒரு சிக்கல் உண்டு. 'கிரீன் கான்கிரீட்'டுக்கு இப்போ ரெண்டு அர்த்தம். பழைய அர்த்தம், செட் ஆகியும் இன்னும் கெட்டியாகாத கான்கிரீட். எதிரி, இறுகின கான்கிரீட். புது அர்த்தம், சிமென்ட்டைக் குறைச்சு ஃபிளை ஆஷ் மாதிரி கழிவுப் பொருட்களைச் சேர்த்து, கார்பன் உமிழ்வு குறைவா வர மாதிரி செஞ்ச கான்கிரீட். எதிரி, வழக்கமான கான்கிரீட். முதல்ல சொன்னது பச்சைக் கான்கிரீட், ரெண்டாவது பசுமைக் கான்கிரீட். ஆங்கிலத்துல குழப்புற இடத்தைத் தமிழ் ரெண்டு எழுத்து வித்தியாசத்துல தெளிவாப் பிரிச்சுடுது.

5. பச்சை இருக்கும், கிரீன் வராது

இனி எதிர்த்திசை. தமிழ்ல யோசிச்சு ஆங்கிலத்துல பேசுறப்போ கால் இடறுற இடங்கள் இவை.

பச்சைக் காய்கறி சாப்பிடுன்னா வேகாததைச் சாப்பிடுன்னும் அர்த்தம் வரும். அதுக்கு ஆங்கிலத்துல 'ரா'. கிரீன் வெஜிடபிள்ஸ்னா கீரை, பீன்ஸ் மாதிரி நிறத்துல பச்சையானது. வேக வச்ச கீரையும் கிரீன்தான். வேகாத கேரட் கிரீன் இல்லை.

பச்சைத் தண்ணியில குளிக்காதேன்னா சூடு பண்ணாத தண்ணியில. கிரீன் வாட்டர்னு சொன்னா கேட்கிறவர் பாசி பிடிச்ச தண்ணின்னு நினைப்பார்.

பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு. ரெண்டுலயும் 'இப்பத்தான் பிறந்த, இன்னும் தேறாத' என்ற பொருள். கிரீன் பேபின்னு சொன்னா டாக்டரைக் கூப்பிடுவாங்க.

பச்சைப் பொய், பச்சைத் துரோகம். இங்கே பச்சைன்னா கலப்படம் இல்லாத, முழுசான. ஆங்கிலத்துல பொய்க்கு வெள்ளை நிறம்தான் கொடுத்திருக்காங்க. ஆனா ஒயிட் லைன்னா யாரையும் பாதிக்காத சின்னப் பொய். நம்ம பச்சைப் பொய்க்கு நேர் எதிர்.

பச்சை பச்சையா பேசுறான்னா ஆபாசமா. அந்த வேலையை ஆங்கிலத்துல நீலம் பார்க்குது. ஒரு அர்த்தம், ரெண்டு மொழி, ரெண்டு நிறம்.

பச்சை குத்துறது டாட்டூ. கிரீன் பக்கத்துலயே வராது.

ரெண்டு மொழியும் கை கோர்க்கிற ஒரு இடமும் இருக்கு. இக்கரைக்கு அக்கரை பச்சை. ஆங்கிலத்துலயும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற புல்தான் கிரீனரா தெரியும். நமக்கு நடுவுல ஆறு, அவங்களுக்கு நடுவுல வேலி.

6. மனுஷங்க மேல கிரீன்

வேலைக்குப் புதுசா சேர்ந்தவரை 'கிரீன்'னு சொன்னா அனுபவம் பத்தாதுன்னு அர்த்தம். மேனேஜர் உங்களைப் பத்தி 'ஸ்டில் எ பிட் கிரீன்'னு சொன்னா அது பாராட்டு இல்லை.

பொறாமைக்கும் கிரீன்தான். ஷேக்ஸ்பியர் 'ஒத்தெல்லோ' நாடகத்துல பொறாமையைப் பச்சைக் கண் உள்ள பிராணியாக் காட்டினதிலிருந்து இது ரொம்பப் பிரபலம். தமிழ்ல பொறாமைக்கு நிறம் கிடையாது, சூடுதான் உண்டு: வயிறு எரியும்.

வாந்தி வர மாதிரி முகம் வெளிறினாலும் 'லுக்கிங் கிரீன்'னு சொல்லுவாங்க. செடி வளர்க்கிறதுல கெட்டிக்காரங்களுக்கு அமெரிக்காவுல கிரீன் தம்ப், பிரிட்டன்ல கிரீன் ஃபிங்கர்ஸ். நம்ம ஊர்ல 'கைராசி'.

7. புரட்சி கிரீன்

பசுமைப் புரட்சின்னு எட்டாங்கிளாஸ்லயே படிச்சிருப்போம். அந்தப் பேர் எங்கேர்ந்து வந்தது? 1968 மார்ச்ல அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி நிறுவனத்துத் தலைவரா இருந்த வில்லியம் காட் ஒரு பேச்சுல இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அவர் எதுக்கு எதிரா வச்சார் தெரியுமா? சோவியத் பாணி சிவப்புப் புரட்சிக்கும், ஈரான் ஷாவோட வெள்ளைப் புரட்சிக்கும் எதிரா. அதாவது அந்த கிரீன்ல பயிரும் இருந்தது, பனிப்போர் அரசியலும் இருந்தது.

இந்தியாவுல அதுக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ரெண்டு பேர் தமிழ்நாட்டுக்காரங்க. விவசாய அமைச்சரா இருந்த சி. சுப்பிரமணியம், விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். ஐ.ஆர்.8 மாதிரி குட்டை ரக நெல், ரசாயன உரம், பூச்சிமருந்து, பாசனம் சேர்ந்து விளைச்சலைக் கூட்டின திட்டம் அது. பஞ்சத்தைத் தள்ளி வச்சது. அதே சமயம் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் அது விலை கேட்டது.

இப்போ கவனிங்க. 1968ல கிரீன்னா உரம் போட்டு விளைச்சலைக் கூட்டுறது. இன்னைக்கு கிரீன் ஃபார்மிங்னு யாராவது சொன்னா ரசாயன உரம் போடாதது. ஒரே சொல், அறுபது வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட தலைகீழ். பின்னாடி சுவாமிநாதன் 'எவர்கிரீன் புரட்சி'ன்னு ஒரு சொல்லை முன்வச்சார். சூழலைக் கெடுக்காம விளைச்சலைக் கூட்டணும்னு அதுக்கு அர்த்தம். பழைய கிரீன் போதலைன்னுதான் முன்னாடி ஒரு 'எவர்' சேர்க்க வேண்டியிருந்தது. அவர் தொடங்கின ஆய்வு நிறுவனம் நம்ம தரமணியிலதான் இருக்கு.

8. கிரீன்ஃபீல்டும் ரெண்டு காரிடாரும்

சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூல 'கிரீன்ஃபீல்ட் புராஜெக்ட்'னா பழைய கோடு எதுவும் இல்லாம முதல்லேர்ந்து எழுதுறது. பிரவுன்ஃபீல்ட்னா ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்துல கை வைக்கிறது. இந்தச் சொல் கட்டுமானத் துறையிலேர்ந்து வந்தது. ஏற்கெனவே கட்டடம் இருக்கிற இடம் பிரவுன்ஃபீல்ட், இல்லாத இடம் கிரீன்ஃபீல்ட்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தை விரிவாக்கினா அது பிரவுன்ஃபீல்ட். காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூர்ல வரப்போறதா 2022ல அறிவிச்ச ரெண்டாவது விமான நிலையம் கிரீன்ஃபீல்ட். திட்டத்துக்குத் தேவை 5,000 ஏக்கருக்கும் மேல நிலம். அங்கே வயலும் ஏரியும் ஊரும் இருக்கு. ஏகனாபுரம் மக்கள் அறிவிப்பு வந்த நாள்லேர்ந்து போராடினாங்க. திட்டக் கோப்புல கிரீன்ஃபீல்ட்னா 'முன்னாடி எதுவும் கட்டப்படாத இடம்'. கேட்கிறவர் காதுல அது 'ஒண்ணுமே இல்லாத இடம்'னு விழும். அங்கே நெல் நடுறவருக்கு அது முழுக்க முழுக்க இருக்கிற இடம். விமான நிலையம் வேணுமா வேண்டாமான்றது வேற விவாதம். ஒரு டெக்னிக்கல் சொல் அந்த விவாதத்துல சத்தமில்லாம ஒரு பக்கம் சாயுறதைக் கவனிக்கணும், அவ்வளவுதான்.

'கிரீன் காரிடார்' இன்னும் நல்ல உதாரணம். 2008 செப்டம்பர்ல சென்னையில மூளைச்சாவு அடைஞ்ச 15 வயசுப் பையனோட உறுப்புகளை அவனோட பெற்றோர் தானம் கொடுத்தாங்க. தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயத்தை எடுத்துட்டுப் போக போலீஸ் வழி முழுக்க டிராஃபிக்கை நிறுத்திக் கொடுத்தாங்க. பின்னாடி 'டிராஃபிக்' என்ற மலையாளப் படத்துக்கும் அதோட தமிழ் வடிவமான 'சென்னையில் ஒரு நாள்' படத்துக்கும் இதுதான் அடிப்படை. இப்படி உறுப்போட போற ஆம்புலன்ஸுக்கு வழிவிடுற ஏற்பாட்டுக்கு இப்போ கிரீன் காரிடார்னுதான் பேர். சிக்னல் கிரீன், எதிரி சிவப்பு.

பத்து வருஷம் கழிச்சு, 2018ல, சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைத் திட்டம் வந்தது. 277 கிலோமீட்டர். அதுக்கும் ஆங்கிலத்துல கிரீன் காரிடார்னே பேர் வச்சாங்க. தமிழ்ல பசுமை வழிச்சாலை. விளைநிலம், கிணறு, மலையடிவாரக் காடு வழியா போற பாதை அது. விவசாயிகள் எதிர்த்தாங்க. 2019 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கிற அறிவிப்பை ரத்து பண்ணுச்சு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. மறுபடியும் நம்ம கேள்வி: எதுக்கு எதிரான கிரீன்? பழைய சாலையை அகலப்படுத்தாம புதுப் பாதையில போடுறதுன்னு சொன்னா, பிரவுன்ஃபீல்டுக்கு எதிரான கிரீன். ஆனா 'பசுமை'ன்னு தமிழ்ல எழுதினவுடனே படிக்கிறவர் மனசுல மரமும் நிழலும் வந்துடுது. ஆங்கிலத்துல மங்கலா இருந்த சொல் தமிழ்ல வரும்போது தப்பான பக்கத்துக்குப் போயிடுச்சு.

9. நம்ம ஏரியா கிரீன்

இப்போ தொடங்கின இடத்துக்கு, அந்த போர்டுகளுக்கு வருவோம்.

தாம்பரத்தைச் சுத்தி உண்மையான கிரீன் நிறைய உண்டு. வண்டலூர் காப்புக்காடு, நன்மங்கலம் காப்புக்காடு, 1937லேர்ந்து தாம்பரத்துல இருக்கிற சென்னை கிறித்தவக் கல்லூரியோட 365 ஏக்கர் வளாகம். இந்தக் கடற்கரைப் பக்கத்துக் காட்டு வகைக்குப் பேர்லயே 'எவர்கிரீன்' இருக்கு. தமிழ்ல உலர் பசுமைமாறாக் காடு. வெயில் காலத்துல பார்த்தா முள்ளும் புதருமா, பாதி பழுப்பாத்தான் தெரியும். படத்துக்கு நல்லா இருக்காது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் அப்படித்தான். 2022ல ராம்சார் பட்டியல்ல இடம் பிடிச்ச, 1,247 ஹெக்டேர் பரப்புள்ள ஈரநிலம். பூநாரை வர இடம். ரோட்டுலேர்ந்து பார்த்தா தண்ணி, சேறு, காஞ்ச கோரை, ஒரு பக்கம் பெருங்குடி குப்பை மேடு. கண்ணுக்குப் பசுமை கம்மி. ஆனா தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்து ஏரிகள்ல நிரம்புற தண்ணி சங்கிலி மாதிரி இறங்கி வந்து சேர்ற இடம் அது.

நேர்மாறா இன்னொரு காட்சியும் உண்டு. ஆகாயத்தாமரை மூடின ஏரி கண்ணைப் பறிக்கிற பச்சையா இருக்கும். கழிவுநீர் கலந்து சத்து அதிகமான தண்ணியிலதான் அது அப்படி வளரும். அடியில ஆக்சிஜன் குறைஞ்சு மீன் சாகும். கண்ணுக்குக் கிரீன், ஏரிக்கு நோய். சேறா இருக்கிற சதுப்பு கிரீன், பச்சையா இருக்கிற ஏரி கிரீன் இல்லை. நிறத்தை வச்சு முடிவு பண்ணா ரெண்டு தடவையும் தப்பு வரும்.

ஈரநிலத்தோட மேல மண் கொட்டி, மேடாக்கி, அடுக்குமாடி கட்டி, சுத்தி புல்தரையும் பாக்குமரமும் வச்சு 'கிரீன் லிவிங்'னு விளம்பரம் பண்ணா அந்த கிரீன் எதுக்கு எதிர்? சிவப்புக்கா? இல்லை. பழுத்ததுக்கா? இல்லை. மாசு பண்ற வேற ஒரு கட்டடத்தோட ஒப்பிட்டுக் கணக்கு கொடுத்திருக்காங்களா? பெரும்பாலும் அதுவும் இல்லை. எதிரி இல்லாத கிரீனுக்கு அர்த்தமும் இல்லை. வெறும் பெயின்ட்.

இதுக்கு ஆங்கிலத்துல பேர் 'கிரீன்வாஷிங்'. 1986ல ஜே வெஸ்டர்வெல்ட் என்பவர் ஓட்டல்கள் 'சுற்றுச்சூழலுக்காகத் துண்டை மறுபடியும் பயன்படுத்துங்க'ன்னு கேட்கிறதைக் கிண்டல் பண்ணி எழுதினப்போ வந்த சொல். தமிழ்ல பச்சைச் சாயம் பூசுறதுன்னு சொல்லலாம். இந்தியாவுல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர்ல இதுக்குன்னே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. கிரீன், எகோ-ஃபிரெண்ட்லி மாதிரி பொதுவான சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாம விளம்பரத்துல போடக்கூடாது. ஒப்பிட்டுச் சொன்னா எதோட ஒப்பிடுறோம்னு காட்டணும். சட்டமும் நம்ம கேள்வியைத்தான் கேட்குது.

இந்த விஷயம் நமக்கு ஏன் முக்கியம்? 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கின 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் முதல் மாடி வரைக்கும் மூழ்கினது நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். தண்ணி போர்டு படிக்காது. ஏரி இருந்த இடத்துக்குத்தான் வரும். இன்னும் சில வருஷத்துல நம்மள்ல பல பேர் இதே ஏரியாவுல ஹோம் லோன் போட்டு வீடு வாங்குவோம். சில பேர் அந்தக் கட்டடத்துக்கு டிராயிங் போடுவோம், சில பேர் அந்த விளம்பரத்தை எழுதுவோம். மூணு இடத்துலயும் கிரீன்ற சொல் நம்ம கைக்கு வரும்.

'கொஞ்சம் பரவாயில்லை' என்ற அர்த்தத்துல நேர்மையா வர கிரீனும் உண்டு. சிவகாசியில செய்யுற பசுமைப் பட்டாசு மாசே இல்லாத பட்டாசு இல்லை. நீரி ஆய்வகம் உருவாக்கின கலவையில, பழைய பட்டாசைவிட நுண்துகள் சுமார் 30 சதவீதம் குறையும்னு கணக்கு. எதிரி யாருன்னு தெரியுது, எவ்வளவு குறையும்னு ஒரு எண்ணும் இருக்கு. அந்த எண் சரியான்னு யாரும் சோதிச்சுப் பார்க்கலாம். கிரீனுக்கு அது போதும், சொர்க்கம் வேண்டாம்.

10. பயிற்சி

கீழே இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் எதிரியைக் கண்டுபிடிங்க. அப்புறம் தமிழ்ல பச்சையா, பசுமையா, ரெண்டும் இல்லையான்னு முடிவு பண்ணுங்க. விடையை மறைச்சுட்டுப் பாருங்க.

அ. கிரீன் ஹைட்ரஜன்
ஆ. கிரீன் மெனியூர்
இ. கிரீன் வயர், வீட்டு ஒயரிங்ல
ஈ. கிரீன் கார்டு
உ. கிரீன் எம்ப்ளாயி
ஊ. கிரீன் டாட், பிஸ்கட் பாக்கெட்ல

விடைகள்:

அ. எதிரி கிரே ஹைட்ரஜன். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தா கிரே. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துல தண்ணியைப் பிரிச்சு எடுத்தா கிரீன். தமிழ்ல பசுமை ஹைட்ரஜன்.

ஆ. எதிரி மக்கிய உரமும் ரசாயன உரமும். தக்கைப்பூண்டு, சணப்பை மாதிரி செடியைப் பச்சையாவே மடக்கி உழுறது. தமிழ்ல ஏற்கெனவே அழகான சொல் இருக்கு: பசுந்தாள் உரம்.

இ. எதிரி சிவப்பும் கறுப்பும், அதாவது ஃபேஸும் நியூட்ரலும். இங்கே பச்சைன்னா எர்த். நிறம் மட்டும்தான், அதனால பச்சை ஒயர். இதுல மட்டும் கவிதை எழுதாதீங்க, ஷாக் அடிக்கும்.

ஈ. எதிரி தற்காலிக விசா. அமெரிக்காவுல நிரந்தரமா தங்க அனுமதி. ஒரு காலத்துல அட்டை பச்சையா இருந்தது, 1964ல நிறம் மாறிடுச்சு, பேர் மாறலை. 2010ல மறுபடியும் பச்சையாக்கினாங்க. மொழிபெயர்க்க வேண்டாம், கிரீன் கார்டுன்னே விடுங்க.

உ. இது சிக்கலான கேள்வி. எதிரி யாருன்னு வாக்கியத்தைப் பார்த்தாதான் தெரியும். அனுபவசாலிக்கு எதிர்னா கத்துக்குட்டி. 'பசுமை ஊழியர்'னு மொழிபெயர்த்தா அவர் மரம் நடுறவர் ஆயிடுவார்.

ஊ. எதிரி பழுப்புக் குறி. சைவம், அசைவம். இதை 'கிரீன் டாட் இருக்கு, உடம்புக்கும் பூமிக்கும் நல்லது'ன்னு படிச்சா அது நம்ம சேர்த்துக்கிட்ட அர்த்தம். வெள்ளைச் சர்க்கரையும் பாமாயிலும் நிறைய இருக்கிற பிஸ்கட்டுக்கும் இதே பச்சைப் புள்ளிதான்.

ஆறும் சரியா வந்தவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் காலேஜுக்கு வர வழியில கண்ணுல படுற கிரீன் போர்டுகளை எண்ணுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எதிரியோட பேரை எழுதுங்க. எத்தனை போர்டுக்குப் பக்கத்துல இடம் காலியா நிக்குதுன்னு பாருங்க. அந்தக் காலி இடங்கள்ல ஒண்ணு ஏரியோட பழைய கரையா இருந்தா, வீட்டுல ஃபிளாட் பார்க்கப் போறவங்ககிட்ட மறக்காம சொல்லுங்க.